இறக்கிவைத்த எஞ்சினில் கழல மறுக்கும் போல்ட்: அறிகுறி பார்த்துக் கழற்றும் முறை

எஞ்சினைக் காரிலிருந்து இறக்கித் தரையில் வைத்ததும் எல்லாப் போல்ட்டும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. இனி வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால், காரில் இருந்தவரை எஞ்சினை அசையாமல் பிடித்திருந்த மவுண்டுகளும், கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்தால் கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்களின் ஏற்றஇறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) நிறுத்திவைத்த கியர் பாக்ஸும், அத்தனைக்கும் பின்னால் நின்ற காரின் எடையும் இப்போது இல்லை. அதனால் இறக்கிவைத்த எஞ்சினில் 'பிடிவாதமான போல்ட்' என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி உண்மையில் பிடிவாதமானவை அல்ல. நாம் கொடுக்கும் விசை போல்ட்டுக்குப் போய்ச் சேராமல் வேறெங்கோ கரைந்துபோகிறது. விசை எங்கே போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் எண்ணெயா, வெப்பமா, வெல்டிங்கா என்ற கேள்விக்கு வர வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் நடுப் போல்ட்டையே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இறக்கிவைத்த எஞ்சினில் அதிகம் அழவைப்பது அதுதான். ஹோண்டாவின் பழைய B, D வரிசை எஞ்சின்களில் இந்தப் போல்ட் சுமார் 180 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கப்பட்டது. பல ஆண்டு ஓடிய பிறகு அதைக் கழற்ற அதைவிடக் கணிசமாக அதிக முறுக்கு தேவைப்படும். இந்தியாவில் 1998இல் வந்த முதல் ஹோண்டா சிட்டியில் இருந்ததும் D வரிசைதான். இதைச் சரியாகக் கழற்றத் தெரிந்தவருக்கு கிராங்கின் பின்முனையிலுள்ள கனச்சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட்டும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் புல்லி போல்ட்டும் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

எஞ்சினை இன்னும் இறக்காதவர்களுக்கு ஒரு சொல்: கிராங்க் போல்ட்டை முழுவதும் கழற்ற வேண்டாம், எஞ்சின் காரில் இருக்கும்போதே அதைத் தளர்த்தி மட்டும் வைத்துவிடுங்கள். கிராங்கிலுள்ள கியர், அதைத் தண்டோடு பூட்டும் சாவி (கீ) எதுவும் இல்லாமல் போல்ட்டின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் எஞ்சின்களில் இதைச் செய்யக்கூடாது. மாஸ்டாவின் L வரிசையும் அதன் வழிவந்த ஃபோர்டு டூராடெக் எஞ்சின்களும் அப்படிப்பட்டவை; அவற்றில் போல்ட் தளர்ந்த கணத்திலேயே டைமிங் (பிஸ்டனுக்கும் வால்வுகளுக்கும் உள்ள ஒத்திசைவு) கைவிட்டுப் போகும்.

அறிகுறி: போல்ட்டோடு சேர்ந்து கிராங்கும் சுற்றுகிறது

இதுவே முதலில் எதிர்ப்படும் தடை. கிராங்கை எங்கே பிடித்து நிறுத்துவது என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது.

ஹோண்டாவின் அந்தப் புல்லியில் போல்ட்டைச் சுற்றி 50 மில்லிமீட்டர் அளவில் அறுகோணக் குழி ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அதற்குள் பொருந்தும் பிடிப்புக் கருவி ஒன்று கிடைக்கிறது. அதன் நடுத்துளை வழியாகச் சாக்கெட்டை நுழைத்துப் போல்ட்டைத் திருப்பலாம். அந்தக் குழி இருக்கும் எஞ்சினில் வேறு எந்த வழியையும் தேட வேண்டியதில்லை. கருவிக்குச் செலவழிக்கும் பணம் ஒரே முறையில் மீண்டுவிடும்.

குழி இல்லாத எஞ்சினில் ஃப்ளைவீலைப் பூட்டுவதே நல்ல வழி. சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனும் 40 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரும்புப் பட்டை ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை கிளட்ச் பிரஷர் பிளேட் போல்ட் இறங்கும் துளைகள் இரண்டிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெல் ஹவுசிங் போல்ட் இறங்கும் துளையிலும் முடுக்கிவிட்டால், கிராங்கும் பிளாக்கும் ஒரே உடலாகிவிடும். பட்டையில் துளையிடுவதற்கு முன் அட்டையில் வெட்டி அளவு பார்த்துக்கொள்வது நல்லது. போல்ட்டுகள் குட்டையாகவும், பட்டையைப் பிளாக்கின் முகத்தோடு ஒட்டி அழுத்துபவையாகவும் இருக்க வேண்டும். நீளமான போல்ட்டின் நுனியில் பட்டையைத் தொங்கவிட்டால் சுமை விழும்போது போல்ட் வளைந்து பிளாக்கின் மரையையும் கெடுத்துவிடும்.

ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியர் பற்களுக்கிடையே ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பிடிப்பது பல பட்டறைகளில் நடக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முழு விசையும் ஒரே பல்லில் விழுவதால் பல் சிதறினால் பிறகு ஸ்டார்ட்டர் அந்த இடத்தில் கரகரக்கும். ஆட்டோமேட்டிக் காரில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய டிரைவ் பிளேட்டில் இந்த வேலையைச் செய்தால் தட்டே நெளிந்துவிடும்.

எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் கழற்றப்பட்டிருந்தால் இன்னொரு எளிய வழி உண்டு. கிராங்கின் எதிர்எடைக்கும் பிளாக்கின் உட்சுவருக்கும் இடையில் கெட்டியான மரக்கட்டை ஒன்றை வைத்தால் கிராங்க் அதில் சாய்ந்து நின்றுவிடும். சுத்தியலின் மரக்கைப்பிடி இதற்குப் பொருத்தமானது. இரும்பு எதையும் அங்கே வைக்கக்கூடாது. கட்டையை எடுத்த பிறகு சிராய் எதுவும் உள்ளே தங்கவில்லை என்பதைத் துடைத்து உறுதி செய்ய வேண்டும்.

ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கயிற்றைத் திணிக்கும் முறையைப் பழைய மெக்கானிக்குகள் பலரும் அறிவார்கள். அது வேலை செய்யும். ஆனால் எந்த நிலையில் திணிக்கிறோம் என்பது முக்கியம். வழக்கமாக வலஞ்சுழியாக ஓடும் எஞ்சினில் போல்ட்டைக் கழற்றும்போது கிராங்கைப் பின்னோக்கித் தள்ளுகிறோம். ஆகவே பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியைத் தாண்டிப் பவர் ஸ்ட்ரோக்கில் பாதி வழி இறங்கியிருக்கும்போது கயிற்றை நிரப்பிப் பின்னோக்கித் திருப்பினால், இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டன் கயிற்றின் மேல் ஏறி நிற்கும். வால்வு திறந்திருக்கும் நிலையில் இதைச் செய்தால் கயிறு வால்வை வளைத்துவிடும். டைமிங் பெல்ட் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால் வால்வுகள் எந்த நிலையில் உள்ளன என்பதற்குக் கிராங்க் சாட்சியாகாது. அப்போது கயிற்றைத் தொடவே வேண்டாம்.

கேமையும் கிராங்கையும் டைமிங்குக்காக நிறுத்திவைக்கும் ஊசிகளைக் கிராங்கைப் பிடிக்கப் பயன்படுத்துவது பெருந்தவறு. அவை நிலையைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை, சுமையைத் தாங்குவதற்காக அல்ல. வளைந்த ஊசி காட்டும் டைமிங்கை நம்பி எஞ்சினைக் கட்டினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: கிராங்க் நிற்கிறது, எஞ்சினே உருள்கிறது

கிராங்கைப் பிளாக்கோடு பூட்டிய பிறகு நாம் கொடுக்கும் முறுக்கு முழுவதும் எஞ்சினைப் புரட்டப் பார்க்கும். சாக்கெட்டைத் திருப்பும் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 40 கிலோ எடையை அழுத்தினால் கிட்டத்தட்ட 390 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. அலுமினிய பிளாக் கொண்ட சிறிய எஞ்சின் பழைய டயரின் மேல் கிடக்கும்போது அதைப் புரட்ட அவ்வளவே போதும்.

புல்லியை நோக்கி நின்றுகொண்டு இடஞ்சுழியாகக் கழற்றுவதாக வைத்துக்கொள்வோம். கம்பி நமது இடப்பக்கம் ஏறத்தாழக் கிடைமட்டமாக நீள வேண்டும். அதை மேலிருந்து கீழே அழுத்த வேண்டும். எஞ்சின் அதே இடப்பக்கமாகச் சாயப் பார்க்கும், ஆகவே அந்தப் பக்கத்தில் பிளாக்கின் அடியில் அகலமான மரக்கட்டைகளை அணைத்துவைத்தால் நமது விசையே எஞ்சினைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். மாறாக, வலப்பக்கம் நின்று கம்பியை மேலே தூக்கினால் எஞ்சினும் சேர்ந்து எழும்பும், முதுகும் பிடித்துக்கொள்ளும்.

சக்கரம் வைத்த எஞ்சின் ஸ்டாண்டில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். ஸ்டாண்டின் தலை சுழலக்கூடியது, கால்கள் குறுகியவை, பாரம் முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. போல்ட் திடீரெனக் கழலும் நொடியில் ஸ்டாண்டே கவிழக்கூடும். எஞ்சினைத் தரையில் இறக்கிக் கட்டை கொடுத்து, இன்னொருவர் அதை அணைத்துப் பிடித்திருக்க, கால் விரல்கள் எஞ்சினுக்கு அடியில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு அழுத்துங்கள். எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கும்போது அழுத்துவது இதைவிட மோசம்.

அறிகுறி: எல்லாம் அசையாமல் நிற்கிறது, போல்ட்டும் அசையவில்லை

இப்போதுதான் போல்ட்டின் பிடிவாதம் உண்மையானது. அதைப் பிடித்திருப்பது எது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

முதலில் திசையைச் சரிபாருங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு: மேற்சொன்ன ஹோண்டா எஞ்சின்கள் புல்லி பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக ஓடுபவை, அதை வைத்துப் போல்ட்டும் எதிர் மரையாக இருக்கும் என்று எண்ணி இறுக்கிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மரை வழக்கமான மரைதான், இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். எதிர் மரை கொண்ட எஞ்சின்களும் உலகில் உண்டு என்பதால் அந்த எஞ்சினுக்கான சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் கம்பியில் பைப்பை மாட்ட வேண்டாம்.

அடுத்து, விசை கடத்தப்படும் வழியைப் பாருங்கள். ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி தலையின் அடியில் உராய்வாகவும், அதைவிடச் சற்றுக் குறைவான பங்கு மரையில் உராய்வாகவும் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் பாகங்களை அழுத்திப் பிடிக்கிறது. கழற்றும்போது நாம் போராடுவது அந்த உராய்வோடுதான். அதனால்தான் தலையின் நடுவில் கனமான பஞ்சை வைத்துச் சுத்தியலால் நேராக நான்கைந்து அடி கொடுத்தால், அதற்கு முன் அசையாத போல்ட் அசைகிறது. இந்த அடி வெளிப்புற போல்ட்டுகளுக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைத்தண்டு) நட்டுகளுக்கும் பொருந்தும். கிராங்க் போல்ட்டில் அளவோடு செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த அடி கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும்.

இம்பேக்ட் கன் வைத்திருப்பவர்கள் அதையே முதலில் எடுக்கிறார்கள். அது நியாயமும்கூட, ஏனென்றால் அதன் தொடர் அடிகள் எஞ்சினைப் புரட்டாமலே உராய்வை உடைக்கின்றன. ஆனால் நீண்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியைப் போட்டால் அது ஸ்பிரிங்போல முறுக்கிக்கொண்டு அடியை விழுங்கிவிடும். சாக்கெட்டை நேராகக் கன்னில் மாட்டுங்கள். கருப்பு நிற இம்பேக்ட் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், பளபளக்கும் குரோம் சாக்கெட் அடியில் வெடித்துச் சிதறக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கிராங்க் போல்ட்டுக்கு எண்ணெய் ஊற்றி மூன்று நாள் காத்திருப்பதில் பெரும் பயனில்லை. அது பெரும்பாலும் துருவால் பிடிபட்டதல்ல, முறுக்கால் பிடிபட்டது. தலையின் அடிப்பகுதி இறுக மூடியிருப்பதால் எண்ணெய் மரைக்குப் போகவும் வழியில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுகளும் வாட்டர் பம்ப் போல்ட்டுகளும் அப்படியல்ல. அங்கே இரும்பு துருப்பிடித்துப் பருத்து மரையின் இடைவெளியை அடைத்திருக்கிறது, அல்லது அலுமினியமும் எஃகும் ஈரத்தில் சேர்ந்து வெண்பொடியாக ஆக்சைடு படிந்திருக்கிறது. துரு ஊடுருவும் எண்ணெயை மாலையில் விட்டு, தலையில் மெல்லத் தட்டி, மறுநாள் காலையிலும் விட்டுத் தட்டிய பிறகு முயலுங்கள். தட்டுவது எண்ணெய் அளவுக்கே முக்கியம்.

வெப்பம் இவை எல்லாவற்றையும்விட வலிமையானது. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது: வெப்பநிலை 100 டிகிரி கூடினால் 10 மில்லிமீட்டர் துளை 0.023 மில்லிமீட்டர் விரியும், அதே அளவுள்ள எஃகு போல்ட் 0.012 மட்டுமே விரியும். அந்த நூலிழை வித்தியாசம் ஆக்சைடின் பிடியை உடைத்துவிடப் போதும். ஆகவே அலுமினியப் பாகத்தில் போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்க வேண்டும். அலுமினியம் செந்நிறம் காட்டாமலே உருகிவிடும் என்பதால் கேஸ் டார்ச்சைவிட ஹீட் கன்னே பாதுகாப்பானது. ஃப்ளைவீல் போல்ட் போல வலுவான மரைப்பசை இட்ட இடங்களில் சுமார் 250 டிகிரி வரை சூடேற்றினால் பசை இளகும். சூடு ஆறுவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

எண்ணெய் விட்ட இடத்தைத் துடைக்காமல் நெருப்பைக் காட்டாதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தை ஒருபோதும் சூடாக்காதீர்கள். அதன் ஆவி வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். கிராங்க் புல்லியின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டிருந்தால் அதன் பக்கத்திலும் வெப்பம் கூடாது. சூடேற்றிய பின் ஆயில் சீலைப் புதிதாக மாற்றுவதாக முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். கருகிய சீலை வெறுங்கையால் தொட வேண்டாம்.

கம்பியை அழுத்தும்போது கை என்ன உணர்கிறது என்பதைக் கவனியுங்கள். 'டக்' என்ற கூர்மையான ஒலியோடு விட்டுக்கொடுத்தால் போல்ட் கழன்றது. ஒலியே இல்லாமல் மெத்தென்று, ரப்பரைத் திருகுவதுபோல நகர்ந்தால் போல்ட்டின் தண்டு முறுகிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் கால் சுற்றில் தலை கையோடு வந்துவிடும்.

அறிகுறி: கொஞ்சம் கழன்று மறுபடி இறுகுகிறது

கழன்ற மகிழ்ச்சியில் ஒரே மூச்சாகத் திருப்பிக்கொண்டே போவதால்தான் பாதி போல்ட்டுகள் முறிகின்றன. பெயர்ந்த துருத்தூள் மரைக்குள் சேர்ந்து ஆப்புபோல் அடைக்கிறது. இறுகும் இடத்தில் நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று உள்நோக்கித் திருப்பி, பிறகு வெளியே கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி, இப்படியே முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். இந்தக் கட்டத்தில் இம்பேக்ட் கன்னைக் கீழே வைத்துவிட்டுக் கையால் செய்யுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு இருபது நிமிடம் ஆனாலும் அது வீணான நேரமல்ல, முறிந்தால் அரை நாள் போகும்.

அறிகுறி: தலை உருண்டுவிட்டது

பன்னிரண்டு முனைச் சாக்கெட்டும் தேய்ந்த ஓப்பன் ஸ்பேனரும் செய்யும் வேலை இது. ஆறு முனைச் சாக்கெட், அதுவும் தலையில் முழு ஆழத்துக்கு உட்காரும் வகையில் துருவைச் சுரண்டிய பிறகு போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

முனைகள் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஒரு அளவு குறைந்த சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். உருண்டுபோன 13 மில்லிமீட்டர் தலையில் அரை அங்குலச் சாக்கெட் கச்சிதமாக ஏறும், அதன் அளவு 12.7 மில்லிமீட்டர். 17க்கு 16 சரியாக இருக்கும்.

அதுவும் பிடிக்கவில்லை என்றால் தலையின் மேல் ஒரு நட்டை வைத்து உள்துளை வழியாக வெல்டிங் செய்வதே எனக்குத் தெரிந்தவற்றில் மிக நம்பகமான வழி. புதிய முனைகள் கிடைப்பதோடு வெல்டிங்கின் சூடும் மரையின் பிடியை உடைத்துத் தருகிறது. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பைப் போல்ட்டுக்கு மிக அருகில், அதே பாகத்தில் மாட்டுங்கள். பிளாக்கின் மறுகோடியில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் முகத்தில் பொட்டுப் பொட்டாகக் காயம் உண்டாக்கும். எஞ்சின் இறக்கிவைக்கப்பட்டிருப்பதன் பெரிய நன்மை இங்கேதான்: பேட்டரியோ கம்ப்யூட்டரோ எரிபொருளோ பக்கத்தில் இல்லை.

அறிகுறி: தலை முறிந்து தண்டு உள்ளே நின்றுவிட்டது

தண்டு கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன நட்டு வெல்டிங்தான். சமதளமாகவோ உள்ளொடுங்கியோ முறிந்திருந்தால் ட்ரில் பிடிக்க வேண்டும். ஆனால் துளை நடுவில் விழுந்தால்தான் எதுவும் நடக்கும். முறிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தி, சென்டர் பஞ்சால் குறியிட்டு, முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் துளையிடுங்கள். மேனிஃபோல்டையோ அது போன்ற பாகத்தையோ மேலே பொருத்தி, அதன் துளைக்குள் அளவான புஷ் ஒன்றைச் செருகி வழிகாட்டியாக்கினால் பிட் விலகாது. இடஞ்சுழி பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், பல நேரங்களில் துளையிடும்போதே தண்டு சுழன்று வெளியே வந்துவிடும்.

முறிந்த தண்டில் இட்ட துளைக்குள் செருகித் திருப்பி எடுக்கும் கருவியான ஈசி அவுட்டைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தலை முறியும் அளவுக்குப் பிடித்திருந்த தண்டை, அதைவிட மெல்லிய, கண்ணாடிபோல் நொறுங்கும் கருவி ஒன்று கழற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் தொடக்கூட முடியாது, மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் பிளாக்கைத் தூக்கிப்போக வேண்டும். சூடேற்றி எண்ணெய் விட்டு, தண்டு லேசாகப் பிடித்திருக்கிறது என்று உறுதியான இடத்தில் மட்டும் ஈசி அவுட்டைப் போடுங்கள். மற்ற இடங்களில் துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, M8 சாதாரண மரையானால் 6.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நிறுத்தி, மிச்சமுள்ள மெல்லிய சுருளைக் கூர்முனையால் நெம்பி எடுத்துவிட்டு, மரை வெட்டும் கருவியான டேப்பை விட்டு மரையைத் துப்புரவாக்கலாம்.

அறிகுறி: சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை

துளையின் மரை போய்விட்டது. தலையின் அடியில் நெம்புகோல் கொடுத்து வெளிநோக்கி இழுத்தபடியே திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் தலையை வெட்டி, பாகத்தைக் கழற்றிய பின் தண்டை வைஸ் கிரிப்பால் இழுக்கலாம். பிறகு ஹெலிகாயில் போன்ற மரைச்சுருளைப் பதிக்காமல் அந்தத் துளையில் மறுபடி போல்ட்டை ஏற்ற வேண்டாம்.

அறிகுறி: போல்ட் கழன்றது, புல்லி வரவில்லை

வெளிவளையத்தில் மூன்று கால் புல்லரை மாட்டி இழுக்காதீர்கள். நடுவிலுள்ள ரப்பர் அறுந்து, கிராங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பராகவும் இருக்கும் அந்தப் புல்லி பாழாகும். புல்லியின் உள்முகத்தில் மரைத்துளைகள் இருந்தால் அவற்றில் போல்ட் ஏற்றி இழுக்கும் வகைப் புல்லரைப் பயன்படுத்துங்கள். கிராங்கின் முனை மரை நசுங்காமலிருக்கப் புல்லரின் நடுத்திருகுக்கு அடியில் ஒரு தட்டையான வில்லையை வையுங்கள்.

மீண்டும் பூட்டும்போது மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் போல்ட்டை முதலில் கையால் கடைசி வரை ஏற்றிப் பாருங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றக்கூடாது. சர்வீஸ் புத்தகம் புதிய போல்ட் போடச் சொன்னால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மரைக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறதா, உலர்வாகப் பூட்டச் சொல்லியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் விட்ட மரையில் அதே முறுக்குக் கூடுதல் இழுவிசையைத் தரும். கழற்றும்போது பயன்படுத்திய இரும்புப் பட்டையை இன்னும் அகற்றாமல் வைத்திருந்தால், டார்க் ரெஞ்சால் குறித்த முறுக்குக்கு இறுக்கும்போதும் கிராங்கை அதுவே பிடித்துக்கொள்ளும்.